ஊசி பறிப்பதை உடம்பு மீட்கும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆனதும், ஆண்கள் மருத்துவரிடம் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மாடிப்படி ஏறினால் தொடை கடுக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. வயிறு முன்னால் தள்ளுகிறது. கையும் காலும் மெலிகின்றன. நடு இரவில் உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை. இரத்தப் பரிசோதனையில் நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு நன்றாகக் குறைந்திருக்கும், நோய் அடங்கியிருக்கும். ஆனால் ஆள் தளர்ந்து போயிருப்பார்.

வீட்டில் உடனே வரும் அறிவுரை, “சிகிச்சை நடக்குது, பேசாம படுத்து ரெஸ்ட் எடுங்க” என்பதுதான். அன்பினால் சொல்வது. இருந்தாலும் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகள் இதற்கு நேர்மாறான பக்கத்தைக் காட்டுகின்றன. இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஆணுக்கு உடற்பயிற்சி அவசியம். அதிலும் காலை நடை மட்டும் போதாது, தசைக்குச் சுமை கொடுக்கும் பயிற்சி வேண்டும். ஏன் என்று புரிய, முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹார்மோனை நிறுத்தினால்

1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார்கள். உடலெங்கும் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்கூட டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் வரவை நம்பித்தான் வளர்கிறது; விரைகளை நீக்கினாலோ பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ நோய் பின்வாங்குகிறது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த பெரிய படி மூளையிலிருந்து வந்தது. விரைகளுக்கு உத்தரவு பிறப்பிப்பது பிட்யூட்டரி சுரப்பி. அந்தச் சுரப்பியைத் தூண்டுவது ஹைப்போதலாமஸ் அனுப்பும், பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய ஹார்மோன். ஆண்ட்ரூ ஷாலியின் குழு 1971இல் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தது. 1977இல் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று போடப்படும் லியூப்ரோலைடு, கோசெரெலின் ஊசிகள் அந்த ஹார்மோனின் சாயலில் செய்தவை. இயற்கையில் அது விட்டுவிட்டுத்தான் சுரக்கும். ஊசியோ இடைவிடாமல் தூண்டுகிறது. யாரோ ஓயாமல் கதவைத் தட்டினால் வீட்டிலிருப்பவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து வருவதையே நிறுத்திவிடுவார் அல்லவா? பிட்யூட்டரியும் அப்படித்தான் அடங்கிவிடுகிறது. விரைகளுக்கு உத்தரவு போவதில்லை. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு மேல் இருந்த டெஸ்டோஸ்டிரோன் சில வாரங்களில் 50க்கும் கீழே இறங்கிவிடும். இந்தியாவில் செலவை நினைத்து ஊசிக்குப் பதில் விரைநீக்க அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. விளைவு ஒன்றுதான்.

புற்றணுவைப் பட்டினி போடும் அதே செயல், டெஸ்டோஸ்டிரோனை நம்பியிருக்கும் மற்ற உறுப்புகளையும் பட்டினி போடுகிறது. தசைக்குள் புரதத்தைக் கட்டச் சொல்வது அது. இரத்தச் சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டுவது அது. உடலுக்குள் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் ஆண்களின் எலும்பைக் காக்கிறது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மேத்யூ ஸ்மித்தின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், 48 வாரம் ஊசி போட்டுக்கொண்ட ஆண்களின் உடலில் கொழுப்பின் விகிதம் 9.4 சதவீதம் கூடியிருந்தது. கொழுப்பல்லாத எடை 2.7 சதவீதம் குறைந்திருந்தது. 2005இல் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். நோய் கண்டறிந்து ஐந்தாண்டுகளாவது உயிரோடிருந்தவர்களில், ஹார்மோன் தடுப்புச் சிகிச்சை பெற்ற 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது, பெறாதவர்களில் 12.6 சதவீதம். இத்துடன் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்குமான அபாயமும் கூடுகிறது.

சிகிச்சையைக் குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. அது உயிர் காக்கிறது. ஆனால் அது எதை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால்தான், எதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் தெரியும்.

ஓய்வெடுத்தவர்களும் நடந்தவர்களும்

ஓய்வைப் பற்றிய நம்பிக்கையை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற வந்த 66 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம், களைப்பாக இருந்தால் ஓய்வெடுங்கள் என்று வழக்கமான அறிவுரையைச் சொன்னார்கள். மறு பிரிவினர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், மிதமான வேகத்தில் நடக்க வேண்டும். 2004இல் முடிவு வெளியானது. ஓய்வெடுத்தவர்களுக்குச் சிகிச்சைக் காலத்தில் களைப்பு கூடியிருந்தது. நடந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

காரணம் தசையில் இருக்கிறது. படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தசை தன் திறனைக் கொஞ்சம் இழக்கிறது. இதயமும் நுரையீரலும் தங்கள் உச்ச வேலைத்திறனில் கொஞ்சம் இழக்கின்றன. முன்பு உடம்பின் திறனில் பாதியைக் கேட்ட மாடிப்படி இப்போது முக்கால் பங்கைக் கேட்கும். அதனால் களைப்பு, களைப்பினால் மறுபடி ஓய்வு. இந்த வளையத்தை எங்கேயாவது அறுத்தாக வேண்டும்.

ஒட்டாவாவின் ஒன்பது பயிற்சிகள்

ஹார்மோன் ஊசியில் இருப்பவர்களுக்கு எடைப் பயிற்சி கொடுக்க மருத்துவர்கள் ரொம்ப நாள் தயங்கினார்கள். முதியவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், தாங்குவார்களா என்பது ஒரு பயம். எடை தூக்கினால் டெஸ்டோஸ்டிரோன் சுரந்து நோயைத் தூண்டிவிடுமோ என்பது இன்னொரு பயம்.

கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் சீகல் தலைமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு இரண்டுக்கும் பதில் சொன்னது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 ஆண்களில் 82 பேர் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை ஜிம்முக்கு வந்தார்கள். மற்ற 73 பேர் காத்திருந்தார்கள். பயிற்சி மிக எளிய வடிவம் கொண்டது. தொடை, பின்தொடை, கெண்டைக்கால், மார்பு, முதுகு, தோள், மேல்கையின் முன்புறம், பின்புறம், வயிறு என்று ஒன்பது பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு செட். செட்டுக்கு 8 முதல் 12 முறை. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை முதலில் அளந்து, அதில் 60 முதல் 70 சதவீதத்தைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு முறைக்கு மேல் ஒருவரால் தூக்க முடிகிறதென்றால் எடையைக் கூட்டிவிடுவார்கள்.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். பயிற்சியின் உயிரே அதில்தான். தசை பழகிய சுமைக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். ஆறு மாதமாக அதே இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்குபவர் நேரத்தைச் செலவிடுகிறார். தசை அங்கேயே நிற்கிறது.

பன்னிரண்டு வார முடிவில், பயிற்சி செய்தவர்களின் களைப்பு குறைந்திருந்தது, வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தது, கையிலும் காலிலும் பலம் கூடியிருந்தது. டெஸ்டோஸ்டிரோனும் பி.எஸ்.ஏ.வும் ஏறவில்லை. உத்தரவு மேலிடத்திலேயே அடைக்கப்பட்டிருக்கும்போது, எடை தூக்கியதால் விரை எதையும் சுரந்துவிடாது.

டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் தசை வளருமா?

வளர்கிறது. இந்தத் துறையின் மிக நம்பிக்கையூட்டும் செய்தி இதுதான்.

தசை இழைக்குப் புரதம் கட்டச் சொல்லும் வழிகள் பல. ஹார்மோன் ஒரு வழி. இழுவிசை இன்னொரு வழி. கனமான எதையாவது தூக்கும்போது இழையில் ஏற்படும் இறுக்கத்தை அதன் உள்ளிருக்கும் உணர்விகள் கண்டுகொள்கின்றன. எம்டார் என்னும் புரதத் தொகுதி முடுக்கப்படுகிறது. ரைபோசோம்கள் புதிய தசைப் புரதத்தைச் செய்யத் தொடங்குகின்றன. இந்த வழிக்கு டெஸ்டோஸ்டிரோனின் அனுமதி தேவையில்லை. ஹார்மோன் இருந்தால் வேகம் கூடும். இல்லாவிட்டாலும் பாதை திறந்தே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், எடித் கவன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கல்வாவோவும் ராபர்ட் நியூட்டனும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2006இல் வந்த அவர்களுடைய சிறிய ஆய்வில் 59 முதல் 82 வயது வரையிலான பத்துப் பேர், ஊசி போட்டுக்கொண்டே இருபது வாரம் பயிற்சி செய்தார்கள். காலால் எடையைத் தள்ளும் வலு கிட்டத்தட்ட இரு மடங்கானது. மார்பால் தள்ளும் வலு 40 சதவீதம் உயர்ந்தது. 2010இல் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எடைப் பயிற்சியையும் மூச்சு வாங்கும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பன்னிரண்டே வாரத்தில் தசை நிறை கூடியது. நடையும் பலமும் மேம்பட்டன. எண்பதைத் தாண்டியவரின் தசையும், ஹார்மோன் அறவே குறைந்த நிலையிலும், சுமைக்குப் பதில் சொல்கிறது.

ஜிம் பிடிக்காதவர்களுக்கு டென்மார்க் ஒரு வழி காட்டியது. கோபன்ஹேகனில் சராசரியாக 67 வயதுள்ள, ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஆண்களை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கால்பந்து ஆட வைத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களுடைய தசை நிறையும் கால் வலுவும் கூடின. ஓட்டம், திடீர் நிறுத்தம், திரும்பல், உதை என்று எல்லாமே காலுக்குச் சுமைதான். கூடவே நோயாளி என்ற நினைப்பை மறந்து ஒரு அணியாக ஆடும் மகிழ்ச்சியும் சேர்ந்தது.

எலும்பு கேட்பது அதிர்வு

எலும்பும் உயிருள்ள திசுதான். அதனுள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் அணுக்கள், எலும்பு வளைந்து கொடுக்கும் மிக நுண்ணிய அளவைக்கூட உணர்கின்றன. வளைவு பழக்கத்துக்கு மீறி இருந்தால் இங்கே இன்னும் கட்டு என்று செய்தி போகும். அமைதியான நடையில் அந்த அளவு வளைவு வருவதில்லை. தரையை ஊன்றி மிதிப்பது, சிறு துள்ளல், குதித்து இறங்குவது ஆகியவற்றில் வருகிறது. ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 154 ஆண்களை வைத்து நியூட்டன் குழு செய்த ஆய்வில், எடைப் பயிற்சியோடு இத்தகைய அதிர்வுப் பயிற்சியும் செய்தவர்களின் முதுகெலும்பு நன்றாகக் காக்கப்பட்டது.

இங்கே பெரிய எச்சரிக்கை ஒன்று தேவை. புராஸ்டேட் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகும்; இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்முனை. அப்படிப் பரவியவர்கள் துள்ளவோ குதிக்கவோ கூடாது. அதற்காக அவர்களைப் படுக்க வைக்க வேண்டியதும் இல்லை. 2018இல் வெளியான ஆய்வில் கல்வாவோ குழு, எலும்பில் நோய் பரவியிருந்த 57 பேரிடம் ஒரு முறையைப் பின்பற்றியது. ஸ்கேனில் நோய் தெரியும் இடத்தை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற இடங்களுக்குச் சுமை கொடுப்பது. இடுப்பில் நோய் இருந்தால் இடுப்பு மூட்டை மடக்கி நீட்டும் பயிற்சி கிடையாது; முழங்காலை நீட்டி மடக்கலாம், கைக்கும் தோளுக்கும் எடை கொடுக்கலாம், நடைக்குப் பதில் நிலையான சைக்கிளை மிதிக்கலாம். பயிற்றுநர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர்களுடைய அன்றாடச் செயல்திறன் கூடியது. பயிற்சியால் எலும்பு முறியவில்லை, எலும்பு வலியும் கூடவில்லை. பரவிய நோய்க்காரருக்கும் பயிற்சி உண்டு; அதை அவருடைய ஸ்கேனைப் பார்த்து வகுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அறுவைக்குப் பிறகு

புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு வேறொரு சங்கடம். இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்லக் கூசி, கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் பயிற்சி உண்டு. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்த வேண்டும். பெல்ஜியத்தின் லூவனில் 102 பேரிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் கசிவு நின்றிருந்தது. பயிற்சி பெறாதவர்களில் 56 சதவீதம் பேருக்கு. ஆனால் 2011இல் வந்த பெரிய பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவினருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போது தொடங்குகிறோம், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதெல்லாம் முக்கியம் என்ற எண்ணம் இதற்குப் பிறகு வலுத்தது.

எப்படிச் சொல்வது என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தே அறிந்தார்கள். ஆசனவாயை இறுக்குங்கள் என்றால் பின்பக்கத் தசைதான் அதிகம் வேலை செய்கிறது. சிறுநீர்ப்பையை மேலே தூக்குங்கள் என்றால் வயிறு இறுகி, சிறுநீர்ப்பையின் மேல் அழுத்தமே கூடிவிடுகிறது. ஆண்குறியை உள்ளே இழுத்துக் குறுக்குங்கள் என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசை நன்றாக அசைந்தது. மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்காமல் இப்படி இழுத்துச் சில நொடி பிடித்து விட வேண்டும். அறுவைக்கு முன்பே பழகிவிடுவது நல்லது.

நோயையே அடக்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 2011இல் வெளியான, அமெரிக்காவில் 2,705 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தீவிரமாக உடலை உழைக்க வைத்தவர்களுக்கு, ஒரு மணி நேரம்கூடச் செய்யாதவர்களைவிட, புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் இது கவனிப்பு ஆய்வு. நோய் முற்றியவரால் ஓட முடியாது. அதனால் ஓடுகிறவர்கள் தொடக்கத்திலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2021இல் இன்னும் கறாரான சோதனை ஒன்றை வெளியிட்டது. சிகிச்சை தொடங்காமல் கண்காணிப்பில் மட்டும் இருந்த 52 பேரில் ஒரு பிரிவினர் பன்னிரண்டு வாரம் டிரெட்மில்லில் கடும் இடைவெளிப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய பி.எஸ்.ஏ. சற்றே குறைந்தது. அவர்களுடைய இரத்த சீரத்தில் வளர்த்த புற்றணுக்களின் வளர்ச்சியும் மட்டுப்பட்டது. வேலை செய்யும் தசை இரத்தத்தில் மயோகைன்கள் என்னும் புரதங்களை விடுகிறது. புற்றணுக்களின் வளர்ச்சி மட்டுப்பட்டதற்கு அவையும் காரணமாக இருக்கக்கூடும். பெருங்குடல் புற்றுநோயில், மூன்றாண்டுக் கட்டமைந்த பயிற்சி உயிர்வாழ்வையே நீட்டியதாக 889 பேரை வைத்து நடந்த சோதனை 2025இல் காட்டியது. புராஸ்டேட் புற்றுநோயில் அந்த அளவு உறுதியான சான்று இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே பயிற்சியைச் சிகிச்சைக்கு மாற்றாக யாரும் நினைக்கக் கூடாது. களைப்பு, தசை, எலும்பு, நடை ஆகியவற்றைக் காக்கும் என்பதே அதைத் தொடங்கப் போதுமான காரணம்.

என்ன செய்வது?

பன்னாட்டு நிபுணர்கள் கூடி 2019இல் வெளியிட்ட பரிந்துரை எளிமையானது: வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் மூச்சு வாங்கும் பயிற்சி, இரண்டு நாள் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் எடைப் பயிற்சி.

மூச்சு வாங்கும் பயிற்சிக்கு வேக நடை போதும். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் சரி. வெயிலும் உடற்சூடும் சேர்ந்து வாட்டும் ஊர்களில் விடிகாலையோ மாலையோ நடக்கலாம்.

எடைப் பயிற்சிக்கு வீட்டிலேயே வழி உண்டு. சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். இப்படி 8 முதல் 12 முறை; இரண்டு நிமிடம் ஓய்வு; மறுபடி ஒரு செட். கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டு எழுந்தால் சுமை சரி. பன்னிரண்டும் சுலபமானால் முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசியை வைத்து மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கிலோ. சுவரைத் தள்ளும் தண்டால், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி நெஞ்சை நோக்கி இழுப்பது ஆகியவற்றையும் சேர்த்தால் உடம்பு முழுவதற்கும் வேலை கிடைத்துவிடும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும். தசை கட்டப் புரதம் வேண்டும்: பயறு, சுண்டல், முட்டை, மீன், தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: எலும்பில் நோய் இருக்கிறதா, இருந்தால் எங்கே; இதயம் எப்படி இருக்கிறது; ஹீமோகுளோபின் எவ்வளவு. புராஸ்டேட் அறுவை முடிந்தவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை கனமான எதையும் தூக்க வேண்டாம். கீமோதெரபியில் காய்ச்சல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புதிதாக முதுகு வலித்து, கால் மரத்துப்போனாலோ பலம் இழந்தாலோ அது அவசரநிலை. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018லேயே, உடற்பயிற்சி எல்லாப் புற்றுநோயாளிகளின் வழக்கமான சிகிச்சையிலும் அங்கமாக வேண்டும் என்று அறிவித்தது. நம் மருத்துவமனைகளில் ஹார்மோன் ஊசிக்கு அட்டை போடும் அன்றே பிசியோதெரபி பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதினால், எத்தனையோ ஆண்களின் தொடைப் பலத்தையும் இடுப்பெலும்பையும் காப்பாற்றலாம். எழுதித் தராவிட்டால் நீங்கள் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்காக, கணவருக்காகக் கேளுங்கள். முதல் ஊசியோடு பயிற்சியையும் தொடங்கினால், இழந்ததை மீட்பதைவிட இழக்காமலே பெருமளவு காத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு வருடம் ஊசி போட்டுத் தளர்ந்தவர்களும் கவலைப்பட வேண்டாம். பெர்த்தில் எண்பத்திரண்டு வயதுக்காரரின் கால் பலம் ஏறியதென்றால் உங்களுடையதும் ஏறும். இன்று நாற்காலியில் ஐந்து முறை எழ முடிந்தால் ஐந்தில் தொடங்குங்கள்; அடுத்த வாரம் ஆறு.